டென்னிஸ் களத்தின் சாவி யாரிடம்?

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தை நினைப்பவர்களே அதிகம். நாம் பேசுவது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர். இங்கிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் காலைப் பேருந்தில் தொங்கிக்கொண்டு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், சிவகாசி எனக் கல்லூரிகளுக்குப் போய்வரும் பிள்ளைகளில் கணிசமானோர் தலித் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். என்ன விளையாடுவாய் என்று கேட்டால் கபடி, கிரிக்கெட், வாலிபால் என்று பதில் வரும். டென்னிஸ் என்று சொல்கிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

டென்னிஸ் ஆடாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். குடிதண்ணீர்ப் பிரச்சினை தீரவில்லை, சுடுகாட்டுப் பாதை கிடைக்கவில்லை, பட்டாசு ஆலை விபத்துகளில் உயிர் போகிறது. இந்த நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர்களின் விளையாட்டைப் பற்றி எழுத வேண்டுமா? எழுதத்தான் வேண்டும். ஒரு சிறிய கல்லூரியின் டென்னிஸ் அணியில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குள் வேலைவாய்ப்பு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, மனித மரியாதையும் இருக்கிறது. மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று வருடத்தைக் கடந்து போய்விடக் கூடாது.

கூட்டம் குறைந்த வாசல்

முதலில் வேலைவாய்ப்பைப் பார்ப்போம். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் நேரடி நியமனத்தில் 5 விழுக்காடு வரை விளையாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்பலாம் என்று விதி இருக்கிறது. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசு விதிப்படி தகுதி பெற நாட்டுக்காக ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவரும் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை தருகிற சான்றிதழுக்குப் 'படிவம் 3' என்று பெயர். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளின் பட்டியலில் டென்னிஸும் உண்டு. ஒவ்வொரு அறிவிக்கையும் தனித்தனி நிபந்தனை சொல்லும். சில துறைகள் பதக்கமும் கேட்கும். ஆனாலும் முதல் படி அந்தச் சான்றிதழ்தான்.

கபடியிலோ கிரிக்கெட்டிலோ பல்கலைக்கழக அணிக்குள் நுழைவதற்கு எத்தனை பேரை முந்த வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்கு ஊர் அணி, தெருவுக்குத் தெரு ஆட்டக்காரர். டென்னிஸில் அந்த நெரிசல் இல்லை. களம் உள்ள கல்லூரிகளே குறைவு; அங்கும் ஒழுங்காகப் பயிற்சி எடுக்கிறவர்கள் குறைவு. நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு அணி. முதலாம் ஆண்டில் மட்டையைத் தொட்டவர் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழக அணிக்குப் போய்விடுவார் என்று யாரும் உறுதி தர முடியாது. டென்னிஸ் கடினமான விளையாட்டு. சர்வீஸ் ஒன்று படிவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் கூட்டம் அலைமோதும் வாசலில் நிற்பதைவிடக் கூட்டம் குறைந்த வாசலில் நிற்பது புத்திசாலித்தனம் அல்லவா? வசதியுள்ள குடும்பங்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டன. நம் வீடுகளுக்குத்தான் சேதி வந்து சேரவில்லை.

கோடு போட்டவரும் கோட்டுக்குள் நின்றவரும்

டென்னிஸ் நமக்கு ஏன் தூரமாகப் போனது? வெள்ளைக்காரன் காலத்தில் மாவட்டத் தலைநகரங்களில் அதிகாரிகள் கிளப் வைத்தார்கள். அங்கே கலெக்டரும் நீதிபதியும் மில் முதலாளியும் மாலையில் ஆடினார்கள். செம்மண் களத்துக்குத் தண்ணீர் தெளித்தது, உருளை இழுத்தது, சுண்ணாம்பில் கோடு போட்டது, ஓடி ஓடிப் பந்து பொறுக்கியது எல்லாம் உழைக்கும் சாதிகளின் ஆட்களும் அவர்களுடைய பிள்ளைகளும். 78 அடி நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி அகலம் என்ற அளவு, ஆடியவர்களைவிடக் கோடு போட்டவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் கோட்டுக்குள் மட்டையோடு நிற்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

கிரிக்கெட்டில் இந்தக் கதையின் புகழ்பெற்ற உதாரணம் பல்வங்கர் பாலு. புனேயில் வெள்ளையர் கிளப்பில் களத்தைக் கூட்டி, உருட்டி, வலை கட்டும் வேலை பார்த்த தலித் இளைஞர் அவர். வெள்ளைக்காரர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசி வீசியே இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளராக வளர்ந்தார். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனால் அவரை அணியில் சேர்த்துக்கொண்ட இந்துக்கள், களத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே தனிக் குவளை வைத்தார்கள். இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு கடைசி வரை அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் அந்த அணிக்குத் தலைவரானபோதுதான் அந்தப் பூட்டு உடைந்தது. திறமை மட்டும் போதும், சாதி தானாக விலகிவிடும் என்று சொல்கிறவர்கள் பாலுவின் தேநீர்க் குவளையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பருத்திக் காட்டிலிருந்து விம்பிள்டன் வரை

ஒரு சிறிய கல்லூரியின் டென்னிஸ் திட்டம் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவில் இருக்கிறது. நம் கரிசல் பூமிக்காரர்களுக்கு அந்தக் கதை எளிதில் புரியும், ஏனென்றால் அதுவும் பருத்திக் காட்டில்தான் தொடங்குகிறது.

அல்தியா கிப்சன் 1927இல் தெற்குக் கரோலினா மாநிலத்தில் சில்வர் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வாரத்துக்குப் பருத்தி விவசாயம் செய்த கறுப்பினக் கூலிகள். பிழைக்க வழியின்றி அந்தக் குடும்பம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தெருவில் கட்டை மட்டையால் பந்து அடித்துப் பழகிய சிறுமிக்கு, அக்கம்பக்கத்தவர் டென்னிஸ் மட்டை வாங்கித் தந்தார்கள். அந்த நாட்டு டென்னிஸ் சங்கத்தின் போட்டிகளில் கறுப்பினத்தவருக்கு இடம் கிடையாது. அதனால் கறுப்பினத்தவர்கள் 1916இலேயே தங்களுக்கென்று ஒரு டென்னிஸ் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சங்கத்தோடு தொடர்புடைய இரண்டு கறுப்பின மருத்துவர்கள் அல்தியாவுக்குத் துணை நின்றார்கள். ஒருவர் தன் வீட்டிலேயே தங்கவைத்துப் பள்ளிப் படிப்பை முடிக்கச் செய்தார். அவர் வீட்டில் சொந்தமாக டென்னிஸ் களம் இருந்தது. இன்னொருவர் கோடைக்காலப் பயிற்சி தந்தார்.

அடுத்து வருவதுதான் நமக்கு முக்கியம். 1949இல் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் என்ற கறுப்பினக் கல்லூரி அல்தியாவுக்கு விளையாட்டு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. பெரிய பணக்காரக் கல்லூரி அல்ல. ஒடுக்கப்பட்டவர்கள் படிக்க ஒடுக்கப்பட்டவர்களே கட்டிக் காத்த நிறுவனம். அந்தக் கல்லூரியில் அவருக்குப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி, ஒரு பெயர் எல்லாம் கிடைத்தன. அங்கே படிக்கும்போதே 1950இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அந்தக் கதவு திறப்பதற்கு, முன்னாள் சாம்பியனான ஆலிஸ் மார்பிள் என்ற வெள்ளையினப் பெண் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் எழுதிய தலையங்கம் பெரிய காரணம். சொந்தச் சங்கத்தாரைப் பார்த்தே அவர் கேள்வி கேட்டார். 1953இல் அல்தியா பட்டம் பெற்றார். 1956இல் பிரெஞ்சுப் பட்டம். 1957, 1958 ஆண்டுகளில் விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள். இங்கிலாந்து ராணியின் கையால் விம்பிள்டன் பரிசு வாங்கினார், பருத்திக் கூலியின் மகள்.

அவருக்குப் பின்னால் வந்த ஆர்தர் ஆஷ், ரிச்மண்ட் நகரில் கறுப்பினத்தவர்களுக்கென ஒதுக்கப்பட்ட பூங்காவின் காவலாளியின் மகன். வீட்டு வாசலிலேயே டென்னிஸ் களங்கள் இருந்ததால் ஏழு வயதிலேயே மட்டை பிடித்தார். அல்தியாவுக்குப் பயிற்சி தந்த அதே மருத்துவர் இவருக்கும் பயிற்சி தந்தார். கல்லூரி உதவித்தொகையில் படித்து 1965இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான பட்டத்தையும், 1968இல் அமெரிக்க ஓபனையும், 1975இல் விம்பிள்டனையும் வென்றார்.

இரண்டு பேர் கதையிலும் தனிமனிதத் திறமை உண்டு. ஆனால் அதற்குப் பின்னால் மூன்று பொருள்கள் இருந்ததைக் கவனிக்க வேண்டும்: நுழையக்கூடிய தூரத்தில் ஒரு களம், மட்டையும் சாப்பாடும் தந்த ஒரு சமூகம், சேர்த்துக்கொண்ட ஒரு கல்லூரி. இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் அந்தப் பெயர்களை உலகம் கேள்விப்பட்டிருக்காது. நம் ஊரிலும் அப்படிக் கேள்விப்படாமலே போன பெயர்கள் எத்தனையோ!

வெளியே ஒரு நியாயம், உள்ளே ஒரு நியாயம்

இந்திய டென்னிஸ் வரலாற்றில் நாம் பெருமைப்பட வேண்டிய ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது. எதிரணி தென்னாப்பிரிக்கா. அந்நாட்டின் நிறவெறியைக் கண்டித்து ஆட மறுத்தது இந்தியா. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் உச்சத்தில் இருந்த காலம். கோப்பை கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆனாலும் நிறவெறியோடு வலைக்கு இருபுறமும் நிற்க மாட்டோம் என்று நாடு முடிவெடுத்தது. சரியான முடிவு.

அந்த நியாயத்தை உள்ளூருக்கும் கொண்டு வர வேண்டாமா? ஒரு கோப்பையையே வேண்டாம் என்று சொன்ன நாட்டில், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் மகளிர் ஹாக்கி அணி தோற்றபோது, வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். வெகுதூரம் போக வேண்டாம். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு தலித் மாணவனைக் கீழே இழுத்துப் போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் தங்களைத் தோற்கடித்ததைப் பொறுக்க முடியாமல் செய்தார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். கபடி உங்கள் விளையாட்டு, அதை ஆடுங்கள் என்று சொல்கிறது சமூகம். அதில் ஜெயித்தால் விரலை வெட்டுகிறது. ஏகலைவன் கதையைப் பள்ளியில் பாடமாகப் படித்தவர்கள் பேருந்தில் அதை நடத்திக் காட்டுகிறார்கள்.

இதையும் மீறித்தான் மணத்தி கணேசன் அதே தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடினார். சாதிச் சண்டை கொழுந்துவிட்ட மண்ணிலிருந்து ஒருவர் விளையாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய கதை இப்போது திரைப்படமாகவும் வந்துவிட்டது. படத்துக்குக் கைதட்டிய ஊர்களில் விளையாட்டுத் திடல்கள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றனவா என்பதே கேள்வி.

நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு உட்படச் சாதி அடையாளங்களைக் கல்வி நிலையங்களில் தடை செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கயிறு ஒன்றுதான் அடையாளமா? தென் மாவட்டங்களில் சில ஊர் அணிகளின் பெயரும் பனியனின் நிறமும் சாதியைச் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் கல்லூரி அணி ஒரு அரிய இடம். அங்கே எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பனியன் போடுகிறார்கள். அதில் கல்லூரியின் பெயர் மட்டுமே இருக்கிறது. டென்னிஸில் இரட்டையர் ஆட்டம் ஆட வேண்டுமென்றால் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் விட்ட பந்தை இன்னொருவர் எடுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் வலைக்குப் பக்கத்தில் வந்து எதிராளிக்குக் கை கொடுக்க வேண்டும். தொடாமை என்ற நோய்க்கு இதைவிட எளிய மருந்து ஒரு கல்லூரி வளாகத்தில் வேறென்ன இருக்கிறது?

எங்கே அடைபடுகிறது வாசல்?

இன்றைக்கு எந்தக் கல்லூரியும் 'தலித் மாணவர்கள் உள்ளே வரக் கூடாது' என்று டென்னிஸ் களத்தில் பலகை மாட்டாது. பலகை தேவையும் இல்லை. நேரம், பணம், சாப்பாடு, சேதி என்ற நான்கும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன.

மாலை நாலரை மணிக்குப் பயிற்சி என்றால், காலனிக்குப் போகும் பேருந்தை விட்டவர் எப்படி வீடு திரும்புவார்? பெண் பிள்ளைகளுக்கு அரசு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது நல்லது; பேருந்து வந்தால்தானே ஏற முடியும்? சனி, ஞாயிறுகளில் சத்திரப்பட்டித் தறிகளுக்கோ தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கோ போய்த்தான் புத்தகச் செலவைப் பார்க்கிற பிள்ளை, வாரக் கடைசிப் பயிற்சி முகாமுக்கு எப்படி வரும்?

மூன்று பந்துகள் கொண்ட டப்பா சில நூறு ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாய். தாயின் ஒரு நாள் கூலி ஒரு டப்பா பந்தில் கரைந்துவிடும். மட்டையின் நரம்பு அறுந்தால் மறுபடி கட்டுவதற்குத் தனிச் செலவு. ஷூ தனி. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் வருகிற 1,000 ரூபாய் வீட்டு மளிகைக்கே போய்விடுகிறது.

ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதி மாணவருக்கு உணவுக்கென்று அரசு தருவது மாதம் 1,500 ரூபாய். ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாடும் அதற்குள். இரண்டு மணி நேரம் ஓடி ஆடிவிட்டு வருகிற பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? அதுவும் பயிற்சி முடிந்து ஏழரைக்கு வரும்போது சோறு தீர்ந்திருக்கும் அல்லது ஆறிப்போயிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பூட்டு சேதி. தேர்வுப் போட்டி எப்போது நடந்தது என்றே பலருக்குத் தெரியாது. ஏற்கெனவே ஆடத் தெரிந்த நான்கு பேரை உடற்கல்வி இயக்குநர் கூப்பிட்டுச் சொல்வார். பெயர்ப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. பழக்கமே போதும்.

என்ன செய்ய வேண்டும்?

பெரிய நிதி கேட்கவில்லை. கல்லூரி நிர்வாகங்கள் உடனே செய்யக்கூடியவை இவை. எல்லா விளையாட்டுக்கும் தேர்வுப் போட்டித் தேதியைப் பத்து நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். விடுதிகளுக்கும் அனுப்ப வேண்டும். கல்லூரிப் பணத்தில் வாங்கிய மட்டைகளைப் பீரோவில் பூட்டிவைக்காமல், நூலகப் புத்தகம் போலப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் மாணவர்களுக்குக் காலை வகுப்புக்கு முன்னாலோ மதிய இடைவெளியிலோ பயிற்சி நேரம் வைக்க வேண்டும். போட்டிக்குப் போகும் பயணப்படியை முன்பணமாகத் தர வேண்டும். கையிலிருந்து செலவழித்துவிட்டு ரசீது கொடு என்றால் நம் பிள்ளை போகவே மாட்டாள். களத்தைப் பராமரிக்கும் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு அதே களத்தில் ஆட நேரம் ஒதுக்க வேண்டும். ஆர்தர் ஆஷ் அப்படித்தான் உருவானார்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும், ஒதுக்கியதைச் செலவழிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 2011 கணக்கெடுப்புப்படி மாநில மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அந்த நிதியிலிருந்து விடுதியில் தங்கிக் கல்லூரி அணிக்கு ஆடும் மாணவர்களுக்குக் கூடுதல் உணவுப்படியும், மாலைப் பயிற்சி முடிந்து வருவோருக்குச் சோறு எடுத்துவைக்கும் ஏற்பாடும் செய்யலாம். 12,525 ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டம் 2024இல் தொடங்கியது, வரவேற்றோம். அந்தத் தொகுப்பு இப்போது யார் வீட்டில் இருக்கிறது, காலனிப் பிள்ளைகள் போய்க் கேட்டால் கிடைக்கிறதா என்பதைக் கிராம சபையில் கேளுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசு நிதியில் பராமரிக்கப்படுகிற அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு. அண்ணல் அம்பேத்கர் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிய நாளிலிருந்து வருகிற உரிமை அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிகள், விடுதி, உணவுக்கூடம், விளையாட்டுத் திடல் எதிலும் மாணவர்களைப் பிரித்துவைக்கக் கூடாது என்கின்றன. பாகுபாட்டைத் தடுக்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாணவர்களே, நாளைக் காலை கல்லூரிக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உடற்கல்வித் துறைக்குப் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'சார், டென்னிஸ் தேர்வுப் போட்டி எப்போது? நானும் வரலாமா?' வரலாம் என்றால் மட்டையை எடுங்கள். கூடவே உங்கள் தெருவிலிருந்து ஒருவரையும், அடுத்த தெருவிலிருந்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரக் கூடாது என்றால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யாராலும் முடியாது. பெற்றோர்களே, பிள்ளை மாலையில் தாமதமாக வந்தால் வாசலிலேயே திட்டாமல், களத்திலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுங்கள்.

களம் கல்லூரியுடையது. கல்லூரி, நாட்டுச் சொத்து. அதன் சாவி ஒரு சிலர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.